காலில் எடுத்த ரத்தம்

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘சிவப்பு மை.’ பதினெட்டு வருடமாக அங்கே வேலை. லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலும், அளவு ஒரு சொட்டு குறைந்தாலும், சிவப்புப் பேனாவால் ‘ஏற்க இயலாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். யார் வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டாள். அவள் தலையைக் கண்டாலே நர்சுகள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அது அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. தப்பாக எடுத்த ரத்தம் சரியான விடை தராது என்பது அவள் கட்சி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வெல்டர் வரும்வரை.

வெல்டருக்கு நெஞ்சில் நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழாம் படுக்கை. தொண்டையில் குழாய் போட்டு, மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவரைத் தூங்க வைத்திருந்தார்கள். கொழுப்பில் கரைத்த அந்தத் தூக்க மருந்து பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கழுத்து நரம்பு வழியாக இரவு பகலாக ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர் ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்தபோது, மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கலங்கலாக நின்றது. இதற்கென்று அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூக்க மருந்து ஓடுகிற ஆளின் ரத்தம் வெள்ளையாக வந்தால், நர்ஸ் சோம்பல்பட்டு மருந்து போகிற குழாயிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிட்டாள் என்று பொருள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சிவப்பு மை திருப்பி அனுப்பினாள். நான்காம் நாள் இன்னும் வெள்ளை. ‘கவனமாக எடுக்கவும்’ என்று அடிக்கோடு போட்டு மறுபடியும் திருப்பினாள். மேலே இருந்தவர்களுக்கோ தலைக்கு மேல் வேலை. படுக்கை ஓரத்துச் சின்ன மெஷினில் அவசரத்துக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டு, அவளைத் திட்டிவிட்டு, பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை வெல்டரின் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. ஜுரம் ஏறியது. ஸ்கேனில் கணையம் வீங்கிக் கிடந்தது.

பிரிவின் தலைமை டாக்டரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். கெட்டிக்காரர்தான், ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் விசாரிக்கவே ஆரம்பிப்பார். கணையம் வீங்க வழக்கமாகச் சொல்லும் காரணங்களில், பித்தப்பையில் கல் இல்லை. ரத்த அழுத்தமும் ஒரு தடவைகூட விழவில்லை. பிறகென்ன, வெல்டர்தானே என்று கேஸ் ஷீட்டில் ‘குடி’ என்று எழுதினார். வாசலில் நின்ற வெல்டரின் மனைவி, “எங்க வீட்டுக்காரர் அதைத் தொட்டதே இல்ல டாக்டர்” என்றாள்.

“எல்லா வீட்டுலயும் இதைத்தாம்மா சொல்வாங்க.”

“மத்த வீட்டுக் கதை எனக்கெதுக்கு? நான் என் வீட்டைப் பத்திச் சொல்றேன்.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெல்டிங் மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே குடிகாரன்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்ட மனிதரிடம் யார் என்ன சொல்ல?

அரை மணி நேரத்தில், ஏழாம் படுக்கையைப் பார்க்கும் நெட்டை நர்ஸ் கையில் ஒரு குப்பியுடன் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தாள். அதை மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

“அக்கா, இதையும் திருப்பி அனுப்பிடாதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“வெள்ளையா இருந்தா திருப்பத்தான் செய்வேன்.”

“இது காலு. கணுக்கால் பக்கத்துல ஊசி குத்தி எடுத்தது. மருந்து கழுத்துல போகுது. கழுத்துக் குழாயில போற மருந்து கால்ல குத்தின ஊசிக்குள்ள எப்படிக்கா வந்து கலக்கும், நீங்களே சொல்லுங்க.”

சிவப்பு மை குப்பியைச் சுழற்றும் மெஷினில் வைத்தாள். எடுத்தபோது மேலே கெட்டிப் பாலாக நின்றது. நர்சின் கை தவறவில்லை. ரத்தத்தில் மருந்து கலக்கவில்லை, ரத்தமே இப்படித்தான் இருக்கிறது. மருந்தோடு போன கொழுப்பை உடம்பால் கரைக்க முடியவில்லை. தேங்கிய கொழுப்பு கணையத்தைத் தாக்கியிருக்கிறது. இரண்டு நாளாக அந்த ரத்தம் கத்திக்கொண்டிருந்தது, அவள்தான் வாயைப் பொத்தி அனுப்பியிருக்கிறாள்.

நீர்க்கச் செய்து கொழுப்பை அளந்தாள். நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது இரண்டாயிரத்து நானூறு.

“இப்பவும் அந்த மருந்து ஓடுதா?”

“ஓடுது. வயித்து வலியில நெளியறார்னு இன்னும் கூட்டச் சொல்லியிருக்காங்க. பெரியவர் ஷீட்ல ‘குடி’ன்னு எழுதிட்டாரு, அவர் சம்சாரம் இல்லைன்னு சொல்லியும் கேக்கல.”

குளிர்பெட்டியில் பழைய குப்பிகளை ஒரு வாரம் வைத்திருப்பார்கள், ஏற்காத குப்பிகளையும் சேர்த்து; திரும்பிப் போவது சீட்டு மட்டும்தான். முதல் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள், இன்றைய கால் ரத்தம் என்று நான்கையும் ஒரு தாங்கியில் வரிசையாகச் செருகிக்கொண்டு படியேறினாள். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பதினெட்டு வருடத்தில் அந்தப் பிரிவுக்குள் அவள் கால் வைத்ததில்லை. பரிசோதனைக்காரர்கள் போனில்தான் பேச வேண்டும், நோயாளி பக்கம் வரக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

ஏழாம் படுக்கையருகே பெரியவர் நான்கு டாக்டர்கள் சூழ நின்றிருந்தார்.

“யார் உங்களை உள்ள விட்டது?”

“யாரும் விடல சார். நானே வந்தேன். அந்த வெள்ளை மருந்தை நிறுத்துங்க.”

அவள் தாங்கியை நீட்டி எண்ணைச் சொன்னாள். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

“குடிகாரனுக்கும் கொழுப்பு இப்படி ஏறும். லேப்ல இருக்கறவங்க வைத்தியத்துல மூக்கை நுழைக்க வேணாம்.”

“ஏறும் சார், இல்லேங்கல. ஆனா இது அவர் வந்து இறங்கின அன்னிக்கு எடுத்தது. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. அதுக்கப்புறம் அஞ்சு நாளா இந்தக் கட்டில்லதான் படுத்திருக்காரு. இங்க அவருக்கு ஊத்திக் கொடுத்தது யாரு?”

பின்னாலேயே வந்திருந்த நெட்டை நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

பெரியவரின் முகம் சிவந்தது. “மூணாம் நாளே வெள்ளையா இருந்திருக்கு. ஏன் அப்பவே சொல்லல?”

“தப்பு என்னோடது. நர்ஸ் சரியா எடுக்கலைன்னு நானா நினைச்சுத் திருப்பிட்டேன், ரெண்டு தடவை.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

வேலைக்கே உலை வைக்கிற கேள்வி அது. அவளுக்கும் புரிந்தது. பக்கத்திலிருந்தவரிடம் பேனாவும் காகிதமும் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதி, கையெழுத்தும் போட்டாள். ஆனால் காகிதத்தை நீட்டாமல் விரலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“தர்றேன் சார். நீங்க மருந்தை நிறுத்துங்க. அந்தக் ‘குடி’யையும் அடிங்க. அவர் அதைத் தொட்டதில்லைன்னு சம்சாரம் உங்ககிட்டச் சொல்லியாச்சு.”

பெரியவர் நான்கு குப்பிகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் குப்பியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு உதவி டாக்டரிடம், “பம்பை நிறுத்துங்க. வேற தூக்க மருந்து மாத்துங்க. கொழுப்பு இறங்க இன்சுலின் ஆரம்பிங்க” என்றார். கேஸ் ஷீட்டை இழுத்து, எழுதியதை அடித்தார். அதன் பிறகுதான் அவள் காகிதத்தைக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவர் அகராதியில் கிடையாது, அன்றும் அது சேரவில்லை.

மூன்று நாள் வெல்டர் இழுபறியாகக் கிடந்தார். நான்காம் நாள் ரத்தம் மஞ்சளாகத் தெளிந்தது, ஜுரம் விட்டது, வயிறு தளர்ந்தது. அன்று மாலை மனைவி கையைப் பிடித்தபோது திருப்பி அழுத்தினார்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கண்டுபிடித்து மாற்றிவிட்டோம் என்று மனைவியிடம் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் வீணாய்ப் போனதைச் சொல்லவில்லை. அதை யாரும் வெளியே பேசக்கூடாது என்று நிர்வாகத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்திருந்தது. ஆனாலும் தான் போய்ச் சொல்லப் போவதாகச் சிவப்பு மை சொன்னாள். “கேக்காதவங்ககிட்டப் போய் நீங்களா ஏன்க்கா மாட்டிக்கறீங்க?” என்றாள் நெட்டை நர்ஸ்.

“வாயைப் பொத்தினது போதும்” என்று சொல்லிவிட்டு சிவப்பு மை வராந்தாவுக்குப் போனாள். பெஞ்சில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் சிவப்பு மை உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு நாளா அவர் ரத்தத்தை வேணாம்னு தள்ளிட்டீங்க.”

“ஆமா.”

“இன்னும் எத்தனை நாள் எடுப்பாங்க?”

“தினமும். பத்து நாளாவது.”

மனைவி திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் மன்னிப்பு இல்லை.

“அத்தனையும் நீங்கதான் மேல வந்து வாங்கிட்டுப் போகணும். என் முன்னாடி. வேற ஆள் கையில நான் தர மாட்டேன்.”