கஃபாரின் சனிக்கிழமைகள்

சிங்கப்பூரில் கல்யாண விருந்துகளில் வாசிக்கிறவனுக்கு வாரத்தில் சனிக்கிழமைதான் நாள். மற்ற நாட்களில் அவன் யாராக வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். அப்துல் கஃபார் ஜூரோங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். வம்பு என்னவென்றால், அந்தத் தொழிற்சாலைக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அடுப்பை அணைக்க மாட்டார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு, இரண்டு நாள் ஓய்வு என்று ஷிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஓய்வு எப்போதாவது வழி தவறி ஒரு சனிக்கிழமையில் வந்து விழும்.

விழாத வாரங்களில் கஃபார் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் பிடிப்பார். ஒரு சனிக்கிழமை மாலையை வாங்க, தன் நோன்புப் பெருநாளையே கூட வேலை செய்யும் செல்வராஜுக்கு விட்டுக்கொடுத்த புண்ணியவான் அவர். உலகமே புதுச்சட்டை போட்டுக்கொண்டு தொழப் போன காலையில், இவர் தலையில் வலைத்தொப்பியோடு பிஸ்கட் மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து "எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டபோதெல்லாம் பதில் சொன்னது அவர் மனைவி ருக்ஸானா. அந்தக் கோபம் அவளுக்கு அடுத்த பெருநாள் வரைக்கும் தாங்கியது.

இத்தனையும் ஒரு டோலக்குக்காக. ஸ்ரீராம் என்ற இளைஞன் நடத்தும் இன்னிசைக் குழுவில் கஃபார் டோலக் வாசித்தார். ஸ்ரீராமுக்குக் கீபோர்டு, பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பள்ளிக்கூட ஆசிரியை பவித்ரா பாடுவாள். குழு ஆரம்பித்த புதிதில் ஸ்ரீராம், "கஃபாரண்ணே இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொய்யில்லை. கஃபாரின் கையில் ஒரு தனி நடை இருந்தது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று, கடைசி நேரத்தில் வந்து சேர்வார். கேட்கிறவர்களுக்குக் கால் சும்மா இருக்காது. பெண்ணுக்குப் பெரியப்பா முறை ஆகிற மனிதர்கள்கூட வெட்கத்தை விட்டு எழுந்து ஆடுவார்கள்.

ஆனால் மாதத்தில் பாதிக் கச்சேரிக்குமேல் அவரால் வர முடியவில்லை. ஒருமுறை மாற்று ஆள் கடைசி நிமிடத்தில் காய்ச்சல் என்று படுத்துவிட, டோலக் இல்லாமலேயே விருந்து நடந்தது. மணமகன் வீட்டார் ஸ்ரீராமை மேடைக்குப் பின்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். மறுநாள் அவன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க வாசிப்ப அப்படியே ரெக்கார்ட் பண்ணி கீபோர்டுல ஏத்திக்கிறேன். நீங்க வர முடியாத அன்னைக்கு மட்டும்தான் லா."

கோபமா? கஃபாருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. இனி யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டாம். தான் வேலையில் நிற்கும்போதும் தன் கை மேடையில் இருக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் ஸ்ரீராம் வீட்டுக்குப் போனார். ஜன்னலுக்கு மெத்தையை நிமிர்த்தி வைத்து, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, ஏர்கானையும் ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். வேர்த்து ஊற்றியது. ஸ்ரீராம் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தான். அவன் "போதும்ணே, இதுவே சூப்பர்" என்றாலும் இவர் விடவில்லை. "இரு தம்பி, கடைசியில கை வழுக்கிடுச்சு, இன்னொருதரம் எடுப்போம்" என்று திரும்பத் திரும்ப வாசித்தார். மேடையில் எந்த நாளும் அவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. கொஞ்சம் ஏனோதானோவென்று வாசித்துவிட்டு வந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். வித்தைக்காரனுக்கு அந்தப் புத்தி எங்கே வரும்!

அதன்பின் சில மாதங்கள் நிம்மதியாகக் கழிந்தன. இரண்டொரு முறை ஓய்வு சனிக்கிழமையில் விழுந்தபோது கஃபார் ஆசையாகப் போன் போட்டார். "இந்த வாரம் புக்கிங் இல்லண்ணே" என்றான் ஸ்ரீராம். சரி, வீட்டில் படுத்துத் தூங்குவோம் என்று அவரும் தூங்கினார்.

ஆனால் டோலக்கைத் தொடாத கை ஊறியது. தொழிற்சாலைக் கிடங்கில் திங்கள் முதல் வெள்ளி வரை பகல்வேலை ஒன்று காலியானபோது கஃபார் அதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் பதவி போகும். ஷிப்ட் அலவன்ஸும் போகும். ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் கைக்கு வரும்.

ருக்ஸானா ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் பேசினாள். "இங்க பாருங்க, புள்ள பாலிடெக்னிக் முடிச்சிட்டு யூனிவர்சிட்டி போற நேரத்துல எவனாச்சும் இருக்கற பதவிய வேணாம்னு சொல்வானா? உங்களுக்கு அந்தக் கொட்டுதான் பெருசு."

"உனக்கும் புள்ளைக்கும் சேர்த்துத்தான் ருக்ஸானா. இனிமே எல்லாச் சனி ஞாயிறும் உங்ககூடத்தான். கச்சேரிக்கும் குடும்பத்தோட போவோம். நான் வாசிச்சு நீ எத்தன தடவ பாத்திருக்க, சொல்லு?"

அவள் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள், கல்யாணமான புதிதில். மூக்கைச் சிந்தினாள். அது சம்மதம்தான்.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே ஸ்ரீராமைத் தேக்கா மார்க்கெட்டுக்கு வரச் சொன்னார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வைத்துவிட்டு, குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிறவர் போலச் செய்தியைச் சொன்னார். ஸ்ரீராம் சந்தோஷப்படவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான்.

"முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

"என்னப்பா கேக்கணும்?"

"இப்பல்லாம் எல்லாரும் சின்ன குரூப்பாதான் கேக்குறாங்க. பட்ஜெட் இல்ல. நான், பவித்ரா, இன்னொரு பாடகர், அவ்ளோதான். டோலக் எல்லாம் கீபோர்டுலயே ஓடிடுது."

"நான் வராத அன்னைக்கு."

"எல்லா ஷோவுக்கும்ணே." பையன் தலை நிமிரவில்லை. "ஆனா அது நீங்கதானண்ணே. உங்க கைதான். எல்லாரும் யார் டோலக்னு கேக்குறாங்க."

கஃபாருக்கு இப்போதுதான் விளங்கியது. புக்கிங் இல்லை என்று தான் தூங்கிய அந்தச் சனிக்கிழமைகளில், ஏதோ ஒரு மண்டபத்தில் தன்னை வைத்து ஊர் ஆடியிருக்கிறது. யாரைத் திட்டுவது? திட்ட வேண்டுமானால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அவமானமாக இருந்தது. பழைய பதவிக்குத் திரும்பலாமா என்றால், அந்த நாற்காலியில் செல்வராஜ் உட்கார்ந்தாகிவிட்டது.

ஸ்ரீராம் கெட்டவன் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அவனுக்கே பொறுக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டுல ஒரு ரிசெப்ஷன் இருக்கு. மேடையில டோலக் இருந்தா லட்சணமா இருக்கும்னு பொண்ணு வீட்ல கேட்டாங்க. நீங்க வந்து உக்காருங்கண்ணே. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, நான் பொண்ணு வீட்ல சொல்லிடறேன்."

"உக்காந்து?"

"வாசிங்க. மைக் மட்டும் வைக்க மாட்டோம். அதுவும் ரெக்கார்டும் சேந்தா மோதும்."

எழுந்து போயிருக்கலாம். ரோஷம் உள்ள எவனும் போயிருப்பான். ஆனால் இந்தச் சனிக்கிழமையே கச்சேரிக்குப் போகிறோம் என்று அவர் சொன்னதை நம்பி, வீட்டில் ருக்ஸானா ஏற்கெனவே சேலை எடுத்து வைத்துவிட்டாள், மகன் இல்ஹாம் நண்பர்களோடு போட்டிருந்த திட்டத்தைத் தள்ளிப்போட்டுவிட்டான். அவர்களிடம் என்னவென்று சொல்வது? கஃபார் தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. கஃபார் பட்டு ஜிப்பாவும் மடியில் டோலக்குமாக மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ருக்ஸானா முன்வரிசையில் இடம் பிடித்துக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டாள். பவித்ரா பாட ஆரம்பித்தாள். பல்லவி முடிந்ததும் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் டோலக் வந்தது.

அவரே அசந்துபோனார். என்ன வாசிப்பு! தோ பாயோவில் வேர்வையில் குளித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தது ஒரு பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன்மேல் இவர் கை போய்த் தட்டியது. தட்டியது அவருக்கே கேட்கவில்லை. இரண்டாவது பாட்டில் வேண்டுமென்றே புதிதாக ஒன்று வாசித்துப் பார்த்தார். அருமையாக வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. ஸ்பீக்கரில் பழையதே போனது, இவர்தான் ஓடிப்போய் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது பாட்டுக்கு மண்டபமே எழுந்து ஆடியது. நடுவில் கஃபார் இரண்டு கையையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். டோலக் நிற்கவில்லை. பவித்ரா திரும்பிப் பார்க்கவில்லை. ஆடினவர்களில் ஒருவர் காலும் தடுமாறவில்லை. தான் செத்துப்போன பிறகும் இது இப்படியேதான் ஓடும் என்று தோன்றியது. ருக்ஸானாவின் கைப்பேசி கூட்டத்திலிருந்து மறுபடி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும், அவசர அவசரமாகக் கையை டோலக்கில் வைத்துக்கொண்டு தலையையும் ஆட்டினார்.

விருந்து மேசையில் பிரியாணி வந்தது. ருக்ஸானாவின் முகம் பூரித்திருந்தது. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"நானும் என்னமோ கொட்டு கொட்டுன்னு திட்டிட்டே இருந்தேன். இவ்வளவு நல்லா வாசிப்பீங்கன்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சது. பக்கத்துல இருந்த அம்மா யாருன்னு கேட்டாங்க, என் வீட்டுக்காரர்னு சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பதவி போனா போகுது. எனக்கு இப்ப வருத்தமே இல்ல."

கஃபார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இல்ஹாம் கைப்பேசியில் அவர் வாசித்ததை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பிடு, ஆறிடும்" என்றார்.

வயர்களைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த ஸ்ரீராம் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "பொண்ணு வீட்ல மேடை ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொன்னாங்கண்ணே. அடுத்த வாரம் இன்னொன்னு இருக்கு. இதே மாதிரி வந்து உக்காருவீங்களா?"

கஃபார் வாயைத் திறக்குமுன் ருக்ஸானா முந்திக்கொண்டாள்.

"வருவாரு தம்பி. இனிமே எல்லாச் சனிக்கிழமையும் அவருக்கு லீவுதானே."