வெர்னரின் வேனுக்கு எந்தப் பெட்டி

1

அன்று கடையில் இருந்தவர்கள்: என் தம்பி சகாதேவன், அவன் மனைவி வேதா, வேனின் சொந்தக்காரரான ஜெர்மானியர் வெர்னர், நான். இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள். இந்தக் கதை பிறந்த காரணம் இதுதான்: பேட்டரிக் கடைப் பலகையில் எங்கள் அப்பா பெயர் இருக்கிறது. அது இறங்க இருந்தது.

2

‘1986 மே மாதம், செங்கம் சாலையில் வெயில் –’ வேண்டாம். வெயில் எல்லார் கதையிலும் அடிக்கிறது.

‘சகாதேவன் மின்சாரம் கற்ற மேதை –’ இதையும் அடித்துவிட்டேன். (மனமில்லாமல்.)

நடந்ததையே சொல்கிறேன். வெர்னர் வேனிலேயே குடியிருந்தார். படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் உள்ளே. கூரையில் ஒரு சோலார் தகடு. அது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். நிரம்பியதும் நிறுத்த, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற பெட்டி வேண்டும். பழைய பெட்டி கெட்டுப்போனதில், சகாதேவன் விற்ற புது பேட்டரி ஒரே வாரத்தில் கொதித்து வறண்டது.

“இன்னொண்ணும் இப்படிப் போச்சுன்னா, அப்பா பேர நானே இறக்கிடறேன்” என்று வாய்விட்டான். எங்கள் வீட்டில் சொன்னால் சொன்னதுதான்.

3

மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்த பளபளப்பு, 14.4 வோல்ட்டில்தான் நிறுத்தும், மாற்ற முடியாது. மற்றது மெட்ராஸில் செய்த தகர டப்பா. பக்கத்தில் ஒரு திருகு. திருப்பினால் நிறுத்தும் வோல்ட் அளவு கூடும், குறையும்.

சகாதேவன் கை பளபளப்பின் பக்கம் போனது. கெட்டாலும் பழி ஜெர்மனிக்குப் போகும் அல்லவா? (இந்த வரியை எடுத்துவிடலாமா? எங்கள் குடும்பத்தில் யாரும் பழிக்கு அஞ்சியதில்லை. சரி, இருக்கட்டும். அஞ்சினான்.)

“இன்னாங்க, அது குளிர் ஊருக்குப் பண்ணதுதானே?” என்றாள் வேதா.

“அதுக்கு இன்னா இப்ப?”

“வெயில் காலத்துல தயிருக்கு உறை கம்மியாத்தானே ஊத்தறோம்? ஜாஸ்தியானா புளிச்சிடுது. இந்தச் சூட்டுல பேட்டரிக்கு மட்டும் அதே அளவு எதுக்கு?”

“பேட்டரியும் தயிரும் ஒண்ணாடீ?”

வெர்னர் காபியைக் கீழே வைத்தார். அவர் ஊர்ப் பேட்டரிப் புத்தகத்திலும், சூட்டில் அளவைக் குறைக்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறதாம். அந்தப் பக்கத்தை அவர் அதுவரை பொருட்படுத்தவில்லையாம்.

4

(முதல் பிரதியில் தயிர்ப் பேச்சைச் சகாதேவன் வாயில் வைத்திருந்தேன். படித்துவிட்டு, “நான் எப்பண்ணா தயிர் உறை ஊத்தினேன்?” என்று கேட்டான். மாற்றிவிட்டேன்.)

தகர டப்பாவை மாட்டி, திருகை 14 வோல்ட்டுக்கு இறக்கினார்கள். பத்து நாள் கத்திரி வெயில். தினமும் சகாதேவன் வேன் நின்றிருந்த ஆசிரமம் வரை சைக்கிள் மிதித்துப் போய், பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் இறங்கவில்லை. பலகையும் இறங்கவில்லை.

5

வேன் கோவா பக்கம் போனது. அதற்குமேல் பேட்டரி எவ்வளவு நாள் தாங்கியதென்று தெரியாது. மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். இரண்டில் நன்றிக் கடிதம் வந்தது, உண்மையில் வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கொதிக்க மட்டும் விடாதீர்கள்.

கோயிலில் பூப்போட்டுப் பார்த்துத்தான் சகாதேவன் அந்தப் பெட்டியை எடுத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. எடுத்தவள் வேதா.