கருணாகரனுக்கு எழுத அனுமதி உண்டா?

கருணாகரனைக் கெஞ்ச வைக்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. என் தம்பியை நிறுத்திய அதே இடத்தில் அவரையும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

நடுவட்டத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட். காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காக ஆட்களெல்லாம் கூடி நிற்பதைப் பெரட்டு என்போம். யார் மேல் என்ன புகார் இருந்தாலும் பெரட்டில் வைத்து, எல்லோர் முன்னாலும் துரையிடம், அதாவது மேனேஜரிடம், சொல்வதுதான் இங்கே வழக்கம். கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்த என் தம்பி தினகரனைப் பற்றி ஹெட் கிளார்க் கருணாகரன் அங்கேதான் சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு எடையை வைத்துத்தான் கூலி. அவர்கள் கையிலிருந்த சீட்டில் ஓர் எடை, கம்ப்யூட்டரில் அதைவிடக் குறைந்த எடை. மாற்றியது தினகரன்தான் என்றார். "நான் தொடவே இல்லைங்க" என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூலி குறைந்துபோன காத்தாயி அக்கா அவன் முன்னால் காறித் துப்பினாள். இப்போது அவன் எமரால்டு ஊரில் ஒரு கேரட் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். வீட்டுக்கு வருவதே இல்லை.

நான் கோகிலவாணி. அதே ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். தம்பியோடு சேர்த்து என்னையும் துரத்தாமல் விட்டது கருணாகரன் செய்த முட்டாள்தனம்.

பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எடைக் கோப்பைப் படிக்க முடியுமா, அதில் எழுத முடியுமா என்று பார்த்துச் சொல்லும். முதல் தடவை எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றது. பிறகுதான் உறைத்தது. யார் ஓட்டுகிறார்களோ அவர்களுக்குள்ள அனுமதியைத்தான் அது சொல்லும். ஓட்டியது நான், எனக்கு எல்லாமே திறந்திருக்கும். லாகின்களெல்லாம் என் பொறுப்பு; தினகரனுடையதையும் நான் இன்னும் நீக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவர் லாகினிலும் தனித்தனியாக ஓட்டினேன். தினகரன்: படிக்க, ஆம்; எழுத, ஆம். கருணாகரனுக்கும் அதேதான். ஆபீஸில் யார் வேண்டுமானாலும் எடையை மாற்றலாம் என்ற நிலை.

இதைத் தூக்கிக்கொண்டு துரையிடம் ஓடினால் என்ன ஆகும்? உன் தம்பிக்கும்தானே முடிகிறது என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு மாதம் முடியும்வரை பொறுத்திருந்தேன்.

"மாசம் முடிஞ்ச எடையை யாரும் திருத்தாம பூட்டிடட்டுங்களா, சார்?" என்று துரை ரமேஷ்குமாரிடம் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "செய்யும்மா" என்றார். அந்தக் கோப்பில் எழுதும் அனுமதியை எல்லோருக்கும் எடுத்துவிட்டு, கருணாகரனின் லாகினில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். படிக்க: ஆம். எழுத: இல்லை. வயிறு குளிர்ந்தது. அவரிடம் மூச்சு விடவில்லை.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். தன் சொல்லுக்கு ஆளோ பொருளோ அடங்கவில்லை என்றால் அந்த மனிதருக்கு யோசிக்கத் தெரியாது. நேராகப் பெரட்டுக்குப் போய்விடுவார்.

அப்படியே வந்தார். மறுநாள் காலை பனிக்குல்லாயோடு ஆபீஸிலிருந்து வேகமாக இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"சார், இந்தப் புள்ள ஃபைலைப் பூட்டி வெச்சிருக்குதுங்க. எத்தனை வாட்டி அமுக்கினாலும் சேவ் ஆக மாட்டேங்குதுங்க!"

"எந்த ஃபைலுங்க?" என்றார் துரை.

"போன மாசக் கொழுந்து எடைங்க."

துரை போனிலிருந்து தலையைத் தூக்கினார். "எடையெல்லாம் முடிஞ்சு போச்சே. அதுல என்னத்தைங்க சேவ் பண்றீங்க?"

துரை ஆபீஸுக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். புகார் சொல்லும் அவசரத்தில் அந்தப் புத்திசாலி, மாற்றிய எடைகளைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் பூட்டிய கோப்பைப் பக்கத்தில் திறந்து காட்டினேன். திரையில் காத்தாயி அக்காவின் எடை குறைந்திருந்தது. அது போய்ச் சேர்ந்திருந்தது வேலாமணியின் பெயரில். இங்கேயே கொழுந்து பறிக்கும் வேலாமணி, கருணாகரனின் மச்சினி.

"போன தடவையும் இப்படித்தானுங்களா?" என்று துரை கேட்டார். கருணாகரன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். துரை என் பக்கம் திரும்பி, "சரிம்மா, இதை ஆபீஸோட முடிச்சுக்கலாம்" என்றார்.

"என் தம்பியை ஆபீஸ்ல வெச்சாங்க சார் சொன்னாரு? பெரட்டுலதானுங்களே சொன்னாரு. அங்கேயே சொல்லட்டும்."

சொன்னார். குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தினகரன் எடையை மாற்றவில்லை, தான்தான் மாற்றியது என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். உண்மையில் கேட்டிருக்கும். இன்னொரு முறை சொன்னார். காத்தாயி அக்கா இந்தத் தடவை துப்பவில்லை, அழுதாள். தினகரனுக்குப் போன் போட்டு, அந்தக் குரலை அவனும் கேட்கும்படி பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாவமா இல்லையாடி?" என்று அன்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த நாள் ஆபீஸில் உட்கார்ந்ததும், துரை சொன்னபடி கருணாகரனின் அனுமதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவர் லாகினில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். கருணாகரன்: படிக்க, இல்லை; எழுத, இல்லை. என் வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் ஆசை தீரவில்லை. மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.