அழிக்காத காட்சி

டோங்காங் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து, பெட்டிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைக் காலையில் சுமார்னி சித்தி கடை அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். வறுத்த சோறு வாங்க வந்த இரண்டு படகுத் தொழிலாளிகளைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். இன்று அவர் நடிகை.

"சித்தி, பயப்படாதீங்க. ரெண்டே வரிதான்," என்றாள் யூஜென்.

"பயம் இல்ல. வெக்கம்," என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி.

யூஜென் மேல்நிலைப் பள்ளி மாணவி. பள்ளி ஆண்டுவிழாவில் குறும்படப் போட்டி வைத்திருந்தார்கள். கதை எழுதியதும் இயக்குவதும் அவள். கேமரா போஷியாங்கிடம். பரீட்சைக்கு முந்தின நாள் தூங்காமல் படிக்கும் மகளாக நடிக்க அவளுடைய உயிர்த்தோழி ஷூஹான் இருந்தாள். அம்மாவாக நடிக்கத்தான் ஆள் இல்லை. யூஜெனின் அம்மா இன்சூரன்ஸ் ஏஜென்ட்; அவருக்கு உட்காரவே நேரமில்லை.

"உங்கம்மாவைக் கேளேன்," என்று ஷூஹானிடம் சொன்னபோது அவள் தயங்கினாள்.

"வேணாம்டீ. அவங்க பேச்சு உனக்குத் தெரியும்ல."

"பேச்சு கிடக்கட்டும். எனக்கு அவங்க முகம்தான் வேணும். ப்ளீஸ்டீ."

ஷூஹானின் அம்மா சுமார்னி ஜாவாத் தீவிலிருந்து வந்தவர். இங்குள்ள மீன்பிடிப் படகுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, ஷூஹானைப் பெற்று, புருஷன் பாதி வருஷம் கடலில் இருக்க, தனியாளாகக் கடை நடத்திப் பிள்ளையை வளர்த்தார். இரண்டு வருடமாக, பக்கத்து ஆரம்பப் பள்ளியில் பெரியவர்களுக்கு நடக்கும் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். வகுப்புக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளையைப் போல முதுகுப்பை மாட்டிக்கொண்டு போவார்.

படத்தில் அவர் சொல்ல வேண்டியது இதுதான்: "போய்த் தூங்கு. உன்னைவிடப் பரீட்சை பெருசில்ல."

யூஜென் அந்த வரியை ஆசையாக எழுதியிருந்தாள். அவள் வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

ஆனால் சித்தி இங்கே வந்து கற்ற இந்த ஊர்ப் பேச்சில் தூக்கத்துக்கும் கொழுக்கட்டைக்கும் ஒலி ஒன்றுதான். குரலை ஏற்றுவதா இறக்குவதா என்பதில்தான் வித்தியாசம். கேமரா ஓடியதும் சுமார்னி சித்திக்கு நாக்கு புரண்டது.

"போய்க் கொழுக்கட்டை. உன்னைவிடப் பரீட்சை பெருசில்ல."

போஷியாங் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கொழுக்கட்டை. கடைசியில் ஷூஹான் கேமராவுக்குப் பின்னால் நின்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்ட, அந்தக் கையையே பார்த்தபடி அவர் சரியாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு கனிவு அதில்.

கேமராவை மூடும்போது ஷூஹான் யூஜெனைத் தனியே இழுத்தாள். "தப்பா வந்ததையெல்லாம் அழிச்சிடுவல்ல?"

"அழிச்சிடுறேன்டீ. இதைப் போய்க் கேக்கணுமா?"

சொன்னபோது பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை.

மறுநாள் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோதுதான் மனம் மாறியது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ தூங்கி வழிந்தது. போஷியாங் கொட்டாவி விட்டான்.

"டைரக்டரம்மா, உண்மையைச் சொல்லட்டா? இதுக்குக் கைத்தட்டுவாங்க, மறந்துடுவாங்க. அந்தக் கொழுக்கட்டை இருக்கு பாரு, அதுதான் படம்."

"ஷூஹான்கிட்ட அழிச்சிடுறேன்னு சொல்லிட்டேன்டா."

"படத்துக்குள்ள வைக்காத. பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் வை. அவங்கம்மாவே விழுந்து விழுந்து சிரிச்சாங்களே, யாரு கோவிச்சுக்கப் போறா?"

யூஜென் வைத்தாள். வைத்ததோடு நிற்கவில்லை. சித்தி தவறாகச் சொல்லும்போதெல்லாம் அவர் தலைக்கு மேலே ஒரு கொழுக்கட்டைப் படம் 'டொய்ங்' என்று குதிப்பது போலச் செய்தாள். செய்யும்போது அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஷூஹானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

ஆண்டுவிழா அன்று சுமார்னி சித்தி கடையை மூடிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைப் பூப்போட்ட சட்டையை அணிந்துகொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. மரியாதையாகக் கைத்தட்டினார்கள். பெயர்கள் ஓடி முடிந்தன. அப்புறம் கொழுக்கட்டை குதித்தது.

அரங்கமே அதிர்ந்தது. பையன்கள் நாற்காலியைத் தட்டினார்கள். மூன்றாவது முறை வந்தபோது கூட்டமே சேர்ந்து கத்தியது: "போய்க் கொழுக்கட்டை!"

மேடை ஓரத்தில் நின்ற யூஜெனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேரை அவள் சிரிக்க வைத்திருக்கிறாள்! அந்தப் பூரிப்போடு சித்தியைத் தேடினாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதற்கு ஒரு நொடி பிந்தியே வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் மகள் முகத்தைப் பார்த்தார்; பிறகுதான் சிரித்தார். ஷூஹான் திரையையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

வாசலில் ஷூஹான் வழிமறித்தாள். "அழிச்சிடுறேன்னு சொன்ன."

"அட, எல்லாரும் எவ்ளோ ரசிச்சாங்க! உங்கம்மாவே சிரிச்சாங்களேடீ."

ஷூஹான் திரும்பி அம்மாவின் பின்னால் போனாள். பார்வையாளர் பரிசு யூஜெனின் படத்துக்குத்தான் கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொள்ள ஷூஹான் இல்லை.

அதற்குப் பிறகு போஷியாங் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட, அந்த வரி பள்ளிக்கூடம் முழுக்கத் திரிந்தது. வகுப்பில் யாராவது கண்ணயர்ந்தால் "போய்க் கொழுக்கட்டை!" என்பார்கள். ஷூஹான் நடைபாதையில் வந்தால் பின்னாலிருந்து ஒரு 'டொய்ங்' கேட்கும். அவள் யூஜெனின் பக்கத்து இருக்கையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று யூஜென் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சரியாகவில்லை. ஒரு சாயங்காலம் மனம் கேட்காமல் கடைக்குப் போனாள். அங்கே பள்ளிச் சீருடையில் மூன்று பையன்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"சித்தி, ஒரே ஒரு தடவை சொல்லுங்க சித்தி. எங்க அக்காவுக்கு அனுப்பணும்."

சுமார்னி சித்தி புன்னகைத்தபடி தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. எத்தனை பொட்டலம் என்று விரலைக் காட்டிக் கேட்டார். சம்பல் என்னும் மிளகாய்த் துவையல் காரமாக வேண்டுமா என்பதற்குப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பையன்கள் அலுத்துப் போய்க் கிளம்பினார்கள். யூஜெனிடமும் அவர் பேசவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

அப்போது ஒரு படகுத் தொழிலாளி வந்து அவருடைய ஊர்ப் பேச்சில் ஏதோ கேட்டான். சித்தி கரண்டியை ஆட்டிக்கொண்டு படபடவென்று பதில் சொன்னார். அவன் ஏதோ கிண்டலடிக்க, இவர் வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தார். அவன் தோற்றுப்போய்த் தலையில் கை வைத்துக்கொண்டான். கடையிலிருந்த நாலு பேரும் ஓவென்று சிரித்தார்கள்.

யூஜென் விக்கித்துப் போனாள். சின்ன வயதிலிருந்து இந்தக் கடையில் சாப்பிடுகிறாள். சித்திக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது, இவ்வளவு வேகம், இவ்வளவு குறும்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உலகத்துக்குக் கொழுக்கட்டையை மட்டும் காட்டிவிட்டோமே என்று தோன்றியது.

கடையின் பின்பக்கம் ஷூஹான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சித்தி ஏன் பேசவே மாட்டேங்கறாங்க?"

"உனக்குத் தெரியாது?" ஷூஹான் குழாயை மூடவில்லை. "வகுப்புக்குப் போறதையும் நிறுத்திட்டாங்க. போன வாரம் மருந்துக்கடையில டாக்டர் சீட்டை நீட்டிட்டு ஊமை மாதிரி நின்னாங்க. என்னத்துக்கு மருந்துன்னு கடைக்காரர் கேட்டும் வாயே திறக்கல."

"ஸாரிடீ. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதுக்குப் போய் இவ்ளோ ஆகும்னு நான் நினைக்கல."

ஷூஹான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "எங்கம்மா ஒரு வார்த்தையைத் தப்பா உச்சரிச்சாங்க. நீ 'அழிச்சிடுறேன்'னு எவ்வளவு சுத்தமா உச்சரிச்ச!"

யூஜென் ஓரடி பின்வாங்கினாள்.

"இன்னும் கேளு. அம்மா உன்மேல கோவப்படல. நான் சரின்னு சொல்லித்தான் நீ வெச்சன்னு நினைக்கிறாங்க. பெத்த பொண்ணே சிரிக்க ஆசைப்பட்டா, அதான் நானும் சிரிச்சேன்ங்கறாங்க. நான் இல்லவே இல்லன்னு சொன்னா, 'பரவால்ல, பரவால்ல'ன்னு தலையைத் தடவிட்டுப் போறாங்க. என்னை நம்பல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கோம், சரியாப் பேசிப் பல நாளாச்சு."

அந்தச் சாயங்காலம் யூஜென் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்துவிட்டாள். கடையின் முன்பக்கம் சித்தி நின்றிருந்தார். ரெண்டு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கால்கள் நிற்கவில்லை. பரிசுக் கேடயத்தை அம்மா ஹாலில் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஹுவாங் டீச்சர் மகிழ்ச்சியோடு வகுப்புக்கு வந்தார். மாவட்ட அளவிலான மாணவர் திரைப்பட விழாவுக்கு அவர்கள் படம் தேர்வாகியிருந்தது. "அந்தக் கடைசிக் கொழுக்கட்டைதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்!" வகுப்பு ஆர்ப்பரித்தது. கடைசி வரிசையில் ஷூஹான் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் யூஜென் நேராகக் கடைக்குப் போனாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"சித்தி, ஷூஹான் அன்னிக்கே அதை அழிக்கச் சொன்னா. நான் அழிக்கறேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். படம் போடுறவரைக்கும் அவளுக்குத் தெரியாது. உங்களைப் பாத்து அவ சிரிக்கணும்னு நினைக்கவே இல்ல. எல்லாம் நான் பண்ணினது."

சுமார்னி சித்தி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பல நாளுக்குப் பிறகு அவளிடம் பேசினார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "என் பொண்ணு... வேணாம் சொன்னா?"

"வேணாம்னுதான் சொன்னா சித்தி."

அவர் கண்கள் நிறைந்தன. யூஜெனை அவர் திட்டவில்லை; தேற்றவும் இல்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருப்பதைக்கூட மறந்து பின்பக்கம் ஓடினார். உள்ளேயிருந்து ஜாவாப் பேச்சில் அவர் குரலும், இடையிடையே ஷூஹானின் அழுகையும் கேட்டன. யூஜென் அடுப்பை அணைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் அங்கே நிற்பது சரியில்லை என்று வெளியேறினாள்.

மறுநாள், அந்தக் கடைசிக் காட்சியை வெட்டிவிடப் போவதாக யூஜென் சொன்னதும் போஷியாங் எகிறினான். "பைத்தியமா உனக்கு? அது இல்லன்னா அவங்க படத்தை எடுத்துக்கவே மாட்டாங்க!"

"எடுத்துக்க வேணாம். நீ பரப்பினதையும் இன்னிக்கே எடுத்துடு. நீயும் நானும் சேர்ந்துதானடா பண்ணினோம்."

அவன் முணுமுணுத்தான். ஆனால் அவள் எதிரிலேயே எடுத்தான்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் படக்குழுவைப் பாராட்ட மேடைக்கு அழைத்தார்கள். யூஜென் மைக்கை வாங்கினாள்.

"கடைசியில வந்த காட்சியை எடுத்துட்டேன். அதை அழிக்கறேன்னு என் தோழிக்கு வாக்குக் குடுத்துட்டு, உங்க கைத்தட்டலுக்காக ஏமாத்தினேன். அந்தச் சித்தி சிரிச்சாங்களே, அப்புறம் என்னன்னு நானும் கேட்டேன். கூட்டத்துல சிரிச்சாங்கன்னா அவங்களுக்கு வலிக்கலன்னு அர்த்தமில்ல. வேற வழியில்லன்னு அர்த்தம். நம்ம பாஷையில தடுமாறிப் பேசறவங்க, நம்மகிட்ட பேசணும்னுதான் தடுமாறறாங்க. அதுக்கு நாம சிரிச்சா, அவங்க பேச்சைத் திருத்திக்க மாட்டாங்க. பேசறதையே விட்டுடுவாங்க. நான் ஒருத்தரோட வாயை மூடிட்டேன். நீங்களும் மூடாதீங்க."

பின்னால் எவனோ 'டொய்ங்' என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாவட்ட விழாவிலிருந்து படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலைக் கூட்டம் நடந்து பல நாள் கழித்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஷூஹான் தானாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா மறுபடி வகுப்புக்குப் போறாங்க."

"அப்படியா!" யூஜென் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஷூஹான் கையைத் தரவில்லை.

"நான் இன்னும் உன்னை மன்னிக்கல."

"தெரியும்."

"மேடையில நல்லாத்தான் பேசின. ஆனா அவ்ளோ பேச்சுத் தேவையில்ல." ஷூஹான் சைக்கிளை வெளியே இழுத்துத் திருப்பினாள். "யாராவது வார்த்தை கிடைக்காமத் தடுமாறினா, அவங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் சிரிக்காமக் காத்திருக்கணும். அவ்வளவுதான். அது போதும் மனுஷனுக்கு."