நாற்பத்தொரு சென்டிமீட்டர்

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு நர்ஸிங் மாணவிகள் வர ஆரம்பித்து இது நான்காவது வருடம். படிப்பு முடிவதற்குள் ஆறு வாரம் ஏதாவது ஓர் ஊர்ப்புறச் சுகாதார நிலையத்தில் அவர்கள் வேலை பார்த்தாக வேண்டுமாம். எங்கள் ஊர் நிலையத்தில் ஊசி போட இடம் இருக்கிறது, மாணவி படுக்க இடம் இல்லை. அதனால் எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். மகன் வேலைக்கென்று வெளியே போன பிறகு அந்த அறை சும்மா கிடந்தது. அறையோ ஆளோ, சும்மா கிடந்தால் எனக்கு ஆகாது.

முதல் வருடம் வந்தவள் பூனையைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பாள். இரண்டாவது வந்தவள் போனைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது வந்தவளுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம். எலும்புகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்வாள். இந்த வருடம் வந்தவள் அளப்பவள். நூறு பேருக்குப் பிரஷர் பார்த்துப் பயிற்சிப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று வந்த அன்றே சொன்னாள். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர், ஆளுக்கு ஐம்பது என்று எடுத்துக்கொள் என்றார் என் வீட்டுக்காரர். அவளும் அதை நம்பி, கையில் சுற்றிப் பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் வீட்டில் பெயர் மீட்டர்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் ஒரே பஸ். பத்தொன்பது வருடமாக அவர்தான் ஓட்டுகிறார். எந்த நிறுத்தத்தில் யார் எத்தனை நிமிடம் தாமதமாக ஓடிவருவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அதற்குத் தகுந்தாற்போல முந்தின வளைவிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். பஸ்ஸுக்கு வருவதற்கு முன் மரக்கிடங்கில் சுமை தூக்கியவர். அவருடைய கையை நான் வர்ணிக்கக் கூடாது, என் கண்ணே பட்டுவிடும். சாதாரண ஆளுடைய தொடை எவ்வளவோ அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஓட்டுநர்களுக்கு வருடந்தோறும் நடக்கும் உடல்தகுதிப் பரிசோதனையில் அவருக்குப் பிரஷர் நூற்று அறுபது என்று வந்தது. எங்கள் சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் வரும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. டிப்போவில் உட்காரவைத்து, எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதச் சொல்வார்கள். அதெல்லாம் வேலையில்லை, வேலை செய்கிறவனை வேடிக்கை பார்ப்பது என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கு உப்பு டப்பாவை எடுத்துப் பரணில் போட்டேன். முதல் வாரம் தினமும் ஒரு தடவை ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்றார். இரண்டாவது வாரம் தினமும் இரண்டு தடவை. மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். குறை சொல்கிற மனிதரோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்துவிட்டேன். குறை சொல்லாத மனிதரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இதில் பிறகு வந்து சேர்ந்த மீட்டர் வேறு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு, நூற்று ஐம்பத்தாறு, நூற்று ஐம்பத்தெட்டு என்று மெதுவாகச் சொல்வாள். லாட்டரி விழாதவனுக்கு நம்பர் படிப்பது போல நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

சுகாதார நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் பெரிய சிஸ்டர்தான். பதினெட்டு வருடமாக இருக்கிறார். மழையில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வருவார். தங்கமான மனுஷி, ஆனால் வாயைத் திறந்தால் டாக்டரே தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மேலிடத்திலிருந்து வரும் புதுப் பொருள் எல்லாம் அதற்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் தூசி தட்டி மறுபடி பூட்டுவார். பிரித்தால் பழசாகிவிடும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேட்டால் எதைக் காட்டுவது என்பது அவருடைய நியாயம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

மறு பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் மீட்டர் என் தையல் மெஷின் பக்கம் வந்து அளவு நாடாவைக் கேட்டாள். நான் ஊருக்குத் துணி தைப்பவள். அந்த நாடாவை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனாலும் கொடுத்தேன். அவள் நேராகப் போய் வீட்டுக்காரருடைய மேல்கையைச் சுற்றி அளந்தாள். நாற்பத்தொன்று என்று முணுமுணுத்துவிட்டு நாடாவைச் சுருட்டிக் கொடுத்தாள். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், ஊருக்குப் போகும்போது அண்ணனுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்து, ரெடிமேடில் அவருக்குக் கை நுழையாது, துணியாக எடு, நான் தைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். யாரையாவது காதலிக்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் அழுதாள். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் இந்த ஆறு வாரமும் வீண், ஒரு வருடம் போய்விடும் என்றாள். ஏன் போடாமல் இருக்கப் போகிறார், உன்னைப் போல ஓடியாடி வேலை செய்கிறவள் யார் இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள்.

பரிசோதனை நாள் வந்தது. போன தடவை போலவே நானும் கூடப் போனேன். டாக்டர் உள்ளறையில் இருந்தார். பிரஷர் பார்ப்பதும் எழுதி உள்ளே அனுப்புவதும் பெரிய சிஸ்டர். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் போல ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். மீட்டர் ரெஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெரிய சிஸ்டர் பட்டையைச் சுற்றினார். காற்று ஏற ஏற அது சர்ரென்று பிரிந்துகொண்டது. எப்போதும் அப்படித்தான். இரண்டாவது தடவை சுற்றி, பிரியாமல் இருக்க ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்றை ஏற்றி இறக்கினார்.

நூற்று ஐம்பத்திரண்டு.

மாத்திரையும் உப்பில்லாச் சமையலும் சேர்ந்து மூன்று மாதத்தில் எட்டுப் படி இறக்கியிருந்தன. அது போதாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒழுங்காகத்தான் சமைக்கிறாயா என்று பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். வீட்டில் எலி வெளியில் புலி என்பார்கள். நான் நேர் எதிர். தலையை மட்டும் ஆட்டினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் ரெஜிஸ்டரிலும் சீட்டிலும் எண்ணை எழுதி, சீட்டை உள்ளே அனுப்பக் கையை நீட்டினார். மீட்டர் அதை வாங்கவில்லை.

“சிஸ்டர், அந்தப் பட்டை அண்ணன் கைக்குச் சின்னது.”

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மீட்டர் ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டாள். கை பருமனாக இருந்து பட்டை சிறியதாக இருந்தால் பிரஷர் அதிகமாகத்தான் காட்டும், அண்ணன் கை நாற்பத்தொரு சென்டிமீட்டர், பெரிய பட்டை அலமாரியில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இந்த ஊர் முழுக்க இதே பட்டையில்தான் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார் பெரிய சிஸ்டர். அலமாரியில் இருப்பது இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்றும் சொன்னார்.

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க கையெல்லாம் ஒல்லி, சிஸ்டர்.”

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் இந்த நேரத்திலா என்று அவர் முதுகில் இடித்தேன். பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு அவர் கையில் பட்டை அழுத்திய இடத்தில் இருந்த சிவந்த கோட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டினார். பெரிய பட்டை என் வீட்டுக்காரர் கையைச் சுற்றிப் பாந்தமாக உட்கார்ந்தது. நூற்று இருபத்தாறு. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார், அதேதான். மூன்றாவது தடவை காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மீட்டரிடம் கொடுத்து, நீ பார் என்றார். நூற்று இருபத்தெட்டு என்றாள் அவள்.

பெரிய சிஸ்டர் ரெஜிஸ்டரை வாங்கி, பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் ‘பட்டை சிறியது, தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளறையில் டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம், வாரம் ஒரு தடவை இங்கே வந்து பெரிய பட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வெளியே வரும்போது பெரிய சிஸ்டர் ரெஜிஸ்டரின் பழைய பக்கங்களைப் புரட்டி, பருமனான ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர், சலவைக்காரரின் மனைவி என்று ஏழு பேர் ஆகிவிட்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தைத் திரும்பிப் பார்க்கிற யானையை நான் அன்றுதான் பார்த்தேன். தலையை நிமிர்த்தாமலே மீட்டரிடம் பயிற்சிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் என்னவோ எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தோம். என் வீட்டுக்காரர் சீட்டியடித்துக்கொண்டு முன்னால் போனார். எனக்கு ஓடிப்போய் அவர் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தெருவில் எப்படிச் செய்வது என்று பேசாமல் வந்தேன். மீட்டர் பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். கையெழுத்துதான் கிடைத்துவிட்டதே என்று கேட்டதற்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ‘தெரிந்ததைத் தயங்காமல் சொல்கிறாள்’ என்று எழுதியிருந்தது.

“பொய்க்கா இது. பத்து நாளா எனக்குத் தெரியும். கையெழுத்துக்காக வாயை மூடிட்டு இருந்தேன்.”

நின்றுவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பத்து நாள், என் வீட்டில், அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவர் வாய் திறக்காமல் எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாக்கு நுனி வரை வந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று. அந்த நாலு வார்த்தையையும் முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நான் அந்தக் கைக்கு இருபத்திரண்டு வருஷமா சட்டை தைக்கிறேன்டி” என்றேன். “மூணு மாசத்துக்கு முன்னாடி அந்தப் பட்டை முதல் தடவை பிரிஞ்சப்பவே எனக்குத் தெரியும், அது அவருக்கு அளவு இல்லைன்னு. புஸ்தகத்துல படிச்சு இல்லை, பாத்த உடனே. ஒரு வார்த்தை கேக்கலை.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். “ஏன்க்கா?”

“சிஸ்டர் திட்டுவாங்கன்னு. உனக்காவது கையெழுத்து வேணும். எனக்கு அதுகூட வேண்டாம். சும்மா பயம்.”

முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து, நடுத்தெருவில் நின்று என்ன மாநாடு என்று கேட்டார். துணி விஷயம் என்றேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன். அவளுக்குப் பத்து நாள் ஆயிற்று. எனக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும் போலிருக்கிறது.