அலமாரிக்குள் பாடிய மூன்று நாள்

தெருவில் அவனுக்கு டிப்ஸ் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிற்று. பகலெல்லாம் ஒரு கடையில் கணினி பழுதுபார்ப்பான். சாயங்காலம் ஆனால் வீட்டுப் பின்னறையில் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஆசை ஆசையாய் வாங்கிய ஒரு மைக், துணி அடுக்கிய மர அலமாரி. அவ்வளவுதான். வீட்டுக் கணினியிலேயே பாட்டைப் பதிவுசெய்து மிக்ஸிங் செய்வது எப்படி என்று இணையத்தில் ஒரு பக்கம் எழுதிவந்தான். நாலாயிரம் பேர் படித்தார்கள். நாலாயிரம் பேர் தலையாட்டினால் யாருக்குத்தான் தலை கனக்காது?

சொன்னதெல்லாம் நல்ல விஷயங்கள்தான், பொய் சொல்லக் கூடாது. பதிவுக்கு முன்னால் மின்விசிறியை நிறுத்து. வெறும் சுவரைப் பார்த்துப் பாடாதே, குரல் முட்டித் திரும்பும். அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்த்துப் பாடு, முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடு. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். 'ப' வரும் இடத்தில் காற்று மைக்கை அறையாமல் இருக்க, கம்பி வளையத்தில் பழைய காலுறையை மாட்டி நடுவில் வை. சத்தத்தின் அளவைக் காட்டித் திரையில் ஓடும் பட்டை மஞ்சளைத் தொடலாம், சிவப்பைத் தொட்டால் போச்சு. பதிவில் கெட்டதை மிக்ஸிங்கில் சரிசெய்துவிடலாம் என்று கனவு காணாதே. இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தான் மகராசன்.

அவன் தங்கை ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருந்தாள். நாள் முழுக்க டோக்கன் எண்களைக் கூப்பிடுவதுதான் வேலை. முறையாகப் பாட்டுக் கற்றவள் இல்லை. ஆனால் அவள் 'முப்பத்தாறு' என்று கூப்பிட்டால், கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிற மனிதன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அப்படி ஒரு கனம், அப்படி ஒரு இதம். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே அவள் எதையோ பாடியது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்த ஒரு இசையமைப்பாளரின் காதில் விழுந்துவிட்டது. வாயில் பஞ்சு இருந்ததால் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: 'ஒரு பாட்டுக்கு இப்படி ஒரு குரலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வெறும் குரலில் இரண்டு சரணம் பாடி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அலங்காரம் எதுவும் வேண்டாம்.' கீழே அவருடைய எண்.

இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக யாரோ அவளிடம் டோக்கனைத் தவிர வேறொன்றைக் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணா, ஃபோன்லயே பாடி அனுப்பிடவா? சும்மா அனுப்பினா போதும்னுதான் எழுதியிருக்காரு."

டிப்ஸுக்குச் சுருக்கென்றது. "வீட்ல ஸ்டுடியோவ வெச்சுக்கிட்டு ஃபோன்ல பாடுவியா? வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆகும்? பேசாம வா, நான் பாத்துக்கறேன்."

"அலங்காரம் வேண்டாம்னு சொல்றாரே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க குட்டி. நல்லா பண்ணிக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

அண்ணன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் முகத்தைக் கொடுத்து நின்றாள். முன்னால் மைக், முதுகுக்குப் பின்னால் போர்வை, காதில் ஹெட்போன் வழியே சுருதி. போர்வைக்கு அந்தப் பக்கம் மேசையில் கணினியும் அண்ணனும். பச்சைப் பட்டை ஏறி இறங்கியது. எல்லாம் அவன் எழுதிவைத்த சட்டப்படிதான் நடந்தது.

பாடி முடித்ததும் போட்டுக் கேட்டான். முகம் சுருங்கியது. "என்ன இது, குரல் எங்கயோ இருக்கு? வயித்துல இருந்து பாடு."

"வயித்துல இருந்துதான் பாடறேன்."

"வரலையே. நீயே கேளு."

கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது இந்த வீட்டுக்குக் கேட்பதுபோல் இருந்தது. தன் குரலை அதுவரை அவள் பதிவில் கேட்டதே இல்லை. இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சத்தமாகப் பாடச் சொன்னான். மூன்றாம் நாள் கத்தச் சொன்னான், கத்தினாள். மறுநாள் மருத்துவமனையில் தொண்டை கட்டிப்போய் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. "ஏன்டா அவள இந்தப் பாடு படுத்தற?" என்று அம்மா கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று வாயை அடைத்தான். மைக்கின் மேல் அவனுக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. மைக் அவன் வாங்கியது. தங்கை சும்மா கூடப் பிறந்தவள்தானே.

பிறகு மிக்ஸிங்கில் உட்கார்ந்தான். இரைச்சலை நீக்கினான்; அதோடு அவள் மூச்சும் போயிற்று. கூர்மையைக் கூட்டினான், 'ச' வரும் இடமெல்லாம் சீறியது. அதை அடக்கினான், குரல் மழுங்கியது. மழுங்கியதை மறைக்க எதிரொலியைச் சேர்த்தான். தடித்த எழுத்தில் தானே எழுதிய வரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒருவழியாக அனுப்பிவைத்தான்.

சனிக்கிழமை பதில் வந்தது. 'குரலில் உடம்பே இல்லை. அன்றைக்குப் பல்வலியில் தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. புதன்கிழமை பதிவு, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்கிறோம். மன்னிக்கவும்.'

அவள் இரண்டு முறை படித்துவிட்டுக் கைபேசியை அண்ணனிடம் நீட்டினாள். "நீ எவ்வளவோ பண்ணிப் பாத்த. என்கிட்ட இருந்தாத்தானே வரும்."

அப்போதாவது அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "விடு குட்டி, எல்லாருக்கும் மைக் குரல் அமையறதில்ல" என்றான். ஆறுதல் சொன்னானாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு ஆசிரியர் தன் பாடங்களைப் பதிவுசெய்ய வந்தார். அலமாரிக்கு முன்னால் நின்று மெல்லிய குரலில் பின்னங்களைப் பற்றிப் பேசினார். பட்டை லேசாகத் துடித்தது. எதையோ சரிபார்க்க வெளியே வந்தவர், தன் கண்ணாடிக்கூட்டைக் கணினியின் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். பட்டை சிவப்புக்குத் தாவியது.

டிப்ஸ் எழுந்துபோய் மைக்கை நகத்தால் தட்டினான். பட்டை அசையவில்லை. பலமாகத் தட்டியும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து கணினியின் விளிம்பை ஒரு விரலால் தொட்டான், துள்ளியது. அமைப்புகளைத் திறந்து பார்த்தான். போன வாரம் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, நல்ல மைக்கைத் தள்ளிவிட்டுத் தன் சொந்த மைக்கையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளும் அந்தப் பெண் செத்த மைக்குக்கு முன்னால் தொண்டை கிழியப் பாடியிருக்கிறாள். போர்வைக்கு இந்தப் பக்கம் திரைக்கு மேலே இருந்த குண்டூசி அளவு ஓட்டை, அவள் முதுகைத்தான் கேட்டிருக்கிறது.

புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒரே ஒரு அழைப்பு போதும். 'சார், தப்பு என்னுது, நேர்ல வந்து பாடச் சொல்றேன்' என்றால் முடிந்தது. எண்ணை எடுத்தான். எழுதினான், அழித்தான். நாலாயிரம் பேர் நினைவுக்கு வந்தார்கள். அதைவிட, கத்திக் கத்திக் கண் கலங்கி நின்ற தங்கை நினைவுக்கு வந்தாள். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழக்கிழமை அந்தப் பதிவுகளையெல்லாம் துடைத்து அழித்தான். கையோடு தன் பக்கத்தில் ஒரு புதுக் குறிப்பும் போட்டான்: 'பதிவுக்கு முன் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.' முந்நூறு பேர் கைதட்டினார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கே அந்தப் பக்கத்தை மூடியிருப்பான்.

தங்கை பாடுவதை நிறுத்தினாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. டப்பாவைக் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. டோக்கன் கூப்பிடும்போதும் குரலை உள்ளே இழுத்துக்கொண்டாள். 'என்னம்மா, எந்த நம்பர்?' என்று நோயாளிகள் எழுந்து வந்து கேட்டார்கள். கடைசியில் அவளே மருத்துவரிடம் சொல்லி எண் கூப்பிடும் ஒரு இயந்திரத்தை வாங்கவைத்தாள். அவளை உள்ளறையில் கோப்புகளை அடுக்கப் போட்டார்கள். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் அவளோடு வேலைபார்க்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் பாட்டு ஆசை. பின்னறையில் இருந்த டிப்ஸுக்கு இருவரும் பேசுவது கேட்டது.

"எங்கண்ணன்கிட்ட தைரியமா பாடிக் காட்டு," என்றாள் தங்கை. "முகத்துக்காகப் பொய் சொல்ல மாட்டான். குரல் இருந்தா இருக்குன்னு சொல்வான், இல்லன்னா இல்லன்னு சொல்வான். என்னையே சொன்னானே."

அந்தப் பெண் போகும்வரை அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. போனதும் தங்கையைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். மைக்கைச் சொன்னான், கண்ணாடிக்கூட்டைச் சொன்னான், அந்த மூன்று நாளைச் சொன்னான். திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று காத்திருந்தான். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குண்ணா இதெல்லாம்? நான் உள்ளுக்குள்ளயே வெச்சு மருகறேன்னு அம்மா சொன்னாங்களா? என்னைத் தேத்தறதுக்காக உன் தொழில் பேரையே கெடுத்துக்கறியா?"

"சத்தியமா சொல்றேன் குட்டி."

"அப்ப அந்தப் பதிவப் போடு, கேப்போம்."

"அழிச்சிட்டேன்."

அவள் சிரித்தாள். அன்பான சிரிப்பு. அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இப்ப பாடு," என்றான். "ரெண்டே நிமிஷம். நீயே கேட்டுத் தெரிஞ்சுக்க. என் தலைமேல ஆணை."

அவன் கெஞ்சியதற்காகத்தான் போய் நின்றாள். அவன் மைக்கை நகத்தால் தட்டினான், பட்டை துள்ளியது. போர்வை, காலுறை, ஒரு சாண், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மின்விசிறியை நிறுத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதே இரண்டு சரணங்களைப் பாடினாள்.

மிக்ஸிங் எதுவும் செய்யாமல் அப்படியே போட்டான். அற்புதமான பதிவு. இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை, உதடு பிரிகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அதற்குள்ளே ஒரு குரல் மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் பாதியிலேயே விழுங்கிக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பதுங்கிப் பதுங்கிப் பாடியது. முப்பத்தாறு என்று கூப்பிட்டு மனிதர்களை நிமிரவைத்த குரல் அதில் எங்கும் இல்லை. அவன் மறுபடி போட்டுக் கேட்டான். இல்லை. இந்த முறை பழிபோட எதுவும் மிச்சமில்லை. மைக் சரியாகத்தான் இருந்தது.

தங்கை ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அழாதண்ணா," என்றாள். "ரொம்ப நல்லா பதிவு பண்ணியிருக்க. உன்மேல ஒரு குத்தமும் இல்ல."