பூனை இல்லாமல் நூற்று முப்பத்தாறு

1

இந்தக் கதை ஓர் எடை இயந்திரத்தில் பிறந்தது. அலாஸ்காவில், சாலையே இல்லாத ஓர் ஆற்றங்கரை ஊரில் ஒன்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்கிருந்து எங்கே போவதானாலும் ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம்தான். ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் மூட்டை மாதிரி எடை போடுவார்கள். எங்கள் ஊரில் அந்த வேலை ஒலிங்காவுடையது. யார் உண்டாகியிருக்கிறாள், யார் மறுபடி குடிக்கிறான் என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரியும் முன்னே ஒலிங்காவுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் மூச்சு விடமாட்டாள்.

அவள் தங்கை நஸ்டாஸியா ஒரு மே மாதம் இறந்துபோனாள். அதைக் கடைசிவரை மறைத்துவைத்து உங்களை அழவைக்க எனக்கு மனமில்லை. கதை அதற்கு முந்தைய நவம்பரில் நடக்கிறது. வயிற்றில் கட்டி இருப்பது நஸ்டாஸியாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. அந்தக் கோடையில்தான் ஒலிங்கா மகனை ஆற்றுக்குப் பறிகொடுத்திருந்தாள். இன்னொன்றை அவள் தலையில் இறக்கக் கூடாது என்பதுதான் நஸ்டாஸியாவின் கவலையெல்லாம்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

"பனி வெளுத்த காலையில் ஒரு பூனை விமானம் ஏறப் புறப்பட்டது." (சிறுவர் மலரில் போடலாம்.)

"நஸ்டாஸியாவின் கோட்டுக்குள் எதுவோ" (பாதியில் விட்டேன். 'எதுவோ' என்ன எதுவோ? பூனைதான்.)

பூனையின் பெயர் பாதிரி. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை. தெருநாய்கள் திரியும் ஊரில் அதை விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. பெத்தேல் நகரத்தில் ஒரு தோழி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியும் அங்கேதான். அக்காவிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

3

ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகை. ஒலிங்கா பேனாவோடு நிற்கிறாள்.

"எத்தனை பல்லு பிடுங்குறாங்க?"

"ஒண்ணுதான்கா."

"ஒரு பல்லுக்கு இம்புட்டுப் பெரிய பையா? பெத்தேல்ல எவனையாச்சும் பாத்து வச்சிருக்கியா?"

"வச்சிருந்தா உன்கிட்டதான் முதல்ல காட்டுவேன். நீதானே எடை போடணும்."

நஸ்டாஸியா ஏறி நின்றாள். நூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு. செப்டம்பரில் போனபோதும் அதே எடைதான்.* தங்கையின் கன்னம் ஒட்டிக்கொண்டு வருவதை ஒலிங்கா ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கப் பயந்துகொண்டும் இருந்தாள். முள் அதே இடத்தில் நின்றதும் அவளுக்கு உயிர் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒலிங்காவிடம் பொய் சொல்லாதது அந்த முள் ஒன்றுதான்.

(* உண்மையில் அப்போது நூற்று ஐம்பத்து மூன்று. ஒரு பவுண்டைக் கதைக்காகக் குறைத்துக்கொண்டேன்.)

கோட்டோடுதான் எடை போடுவது வழக்கம். கோட்டுக்குள் பாதிரி இருந்தது. விமானி லைல் பெட்டியில் அடைக்காத பூனையை ஏற்றமாட்டான். ஒருமுறை தரையிறங்கும் நேரத்தில் ஒரு பூனை அவன் கால்மிதிக்கு அடியில் புகுந்துவிட்டது. பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம்தான். ஆனால் பல் பிடுங்கப் போகிறவளுக்குப் பூனை எதற்கு என்று அக்கா கேட்பாளே.

4

பூனை எப்படி வெளிப்பட்டது? முதல் பிரதியில் அது கத்தியது. இரண்டாவதில் லைல் வாலைப் பார்த்துவிட்டான். இரண்டையும் கிழித்தேன், இரண்டும் பொய்.

நானும் அதே விமானத்துக்காகக் காத்திருந்தேன். கொட்டகையில் நாலு பேர் சிரிக்க ஏதாவது சொல்வது எனக்குக் கெட்ட பழக்கம்.

"நஸ்டாஸியா, உன் கோட்டுக்கு உயிர் வந்துடுச்சு போலிருக்கே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நஸ்டாஸியா மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கதையை ஏன் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இனி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

5

லைல் கோட்டைத் திறக்கச் சொன்னான். பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, ஓட்டை குத்தி, பாதிரியை உள்ளே தள்ளினான். ஒலிங்கா அதை எடை போட்டாள். பதினாறு.

"மொத்தம் மாறலையே. போலாம் போலாம், மேகம் இறங்குது" என்றான் லைல்.

அவனுக்கு எதுவும் மாறவில்லை. கணக்கு வாத்தியார் நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். நான் கழித்த அதே நேரத்தில் ஒலிங்காவும் கழித்துவிட்டாள் என்பது பேனா நின்ற விதத்தில் தெரிந்தது. தாளில் இருந்த நூற்று ஐம்பத்திரண்டை அடித்து நூற்று முப்பத்தாறு என்று எழுதினாள். கீழே, 'பூனை 16'. எழுத்து எப்போதும்போல் திருத்தமாக இருந்தது.

பூனை எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

6

விமானத்தில் பெட்டி என் மடியில். மேலே ஏறும்வரை பாதிரி அடித்தொண்டையில் ஊளையிட்டது. அப்புறம் அடங்கி, அட்டை நடுங்க நடுங்க மூச்சு விட்டது. முன்னிருக்கையிலிருந்து நஸ்டாஸியா கையைப் பின்னால் நீட்டி, ஓட்டை வழியாக ஒரு விரலை உள்ளே விட்டாள். நாற்பது நிமிஷமும் அந்த விரலை எடுக்கவில்லை. கீழே உறைந்துகொண்டிருந்த ஆறு.

மன்னிப்புக் கேட்டேன். இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

"வுடு வாத்தியாரே" என்றாள் திரும்பாமல். "என் வாயால சொல்ல வக்கில்லாமத்தானே பூனையை ஒளிச்சேன்."

7

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஒலிங்கா தங்கையைக் கீழே இழுத்துவிடுகிறாள். (அப்புறம் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது?) ஒன்றில் தானும் ஏறிக்கொள்கிறாள். (இடமில்லை. ஆறு பேர் என்று நானே சொல்லியிருக்கிறேன்.) இன்னொன்றில் வசந்தகாலத்தில் நஸ்டாஸியா பூனையோடு திரும்பி வந்து, நூற்று அறுபது பவுண்டு காட்டி, அக்காவிடம் கேலி வாங்குகிறாள். அதை ஒரு நாள் முழுக்கக் கிழிக்காமல் வைத்திருந்தேன்.

நடந்தது இது. நாங்கள் ஏறிய பிறகு, புறப்படும் முன், ஒலிங்கா கதவருகே வந்து தங்கையிடம் ஏதோ சொன்னாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது கூச்சத்தை விட்டு ஒலிங்காவிடமே கேட்டேன்.

அவள் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு நீ உளறுனதை எழுதிக்கோ. நான் எழுதுன நம்பரையும் எழுதிக்கோ. கதவுகிட்ட சொன்னது என் தங்கச்சிகிட்ட சொன்னது."

ஆகவே அந்த வரி என்னிடம் இல்லை. நீங்கள்தான் போட வேண்டும். சின்னதாகப் போடுங்கள், லைல் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அது ஒரு கேள்வி என்பது மட்டும் நிச்சயம். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு வாய் திறக்கமாட்டார்கள், புருவத்தை உயர்த்துவார்கள். நஸ்டாஸியா அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ஒலிங்கா, தங்கையின் கோட்டு மேல்பொத்தானைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.